ஆயுத பூஜைக்கு பஸ்பார் போல்ட்டை டைட் வைப்பது பராமரிப்பா, கெடுப்பதா?

பேனல்காரன்: நேற்று இங்கே ஒருவர் பஸ்பார் (மின் பேனலுக்குள் கரண்டைக் கொண்டு போகும் காப்பர் அல்லது அலுமினியப் பட்டை) பற்றி எழுதியிருந்தார்: "ஆயுத பூஜை ஷட்டவுனில் எல்லா பஸ்பார் போல்ட்டையும் ஒரு சுற்று டைட் வைத்துவிட்டால் அந்த வருஷம் கவலை இல்லை. முன்கூட்டிய பராமரிப்பு என்றால் அதுதான்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நன்றாக இருக்கிற ஜாயின்ட்டில் ஸ்பானர் போடுவது அதைக் கெடுப்பது. ஓரடி ஸ்பானரை 40 கிலோ பாரம் கொடுத்து அழுத்தினால் முறுக்கு விசை சுமார் 120 நியூட்டன் மீட்டர். 8.8 கிரேடு (வலு) எம்12 (12 மி.மீ.) போல்ட்டுக்குப் பல பேனல் கையேடுகள் சொல்வது 70 சுற்றுவட்டாரம். வருஷா வருஷம் இப்படி முறுக்கினால் போல்ட் நீளும், அலுமினிய பஸ்பார் வாஷருக்கு அடியில் பிதுங்கும். லோடில் சூடேறி, நின்றதும் ஆறி, அந்த ஜாயின்ட் தானாகவே தளர்ந்துவிடும்.

ஃபோர்மேன்63: அதை எழுதியது நான்தான் தம்பி. கோவைப் பக்கம் நூற்பாலையில் 31 வருஷம். நான் டைட் வைத்த பேனல் ஒன்றுகூட எரிந்ததில்லை. கையில் ஸ்பானர் பிடித்தவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று கை சொல்லும்.

பேனல்காரன்: கை சொல்வது இருக்கட்டும் ஐயா, எத்தனை நியூட்டன் மீட்டர்?

ஷிப்ட்_இன்சார்ஜ்: இரண்டு பேரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது. எங்கள் மில்லில் சூட்டைக் காட்டும் தெர்மல் கேமரா வாடகைக்கு எடுத்துப் பார்க்கிறோம்.

ஃபோர்மேன்63: கேமரா வந்தபிறகு எல்லோரும் இன்ஜினியர் ஆகிவிட்டார்கள். ஆயுத பூஜை அன்று கேமராவில் என்ன தெரியும்? மில்லே நிற்கிறது!

பேனல்காரன்: அதனால்தான் பூஜைக்கு முந்தின வாரமே, 40 சதவீதத்துக்குக் குறையாத லோடில் பார்க்க வேண்டும் என்கிறேன். ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். ஒருமுறை கம்ப்ரஸருக்குப் போகும் ஃபீடர் லைனில் ஆர், பி இரண்டும் 48 டிகிரி, ஒய் மட்டும் 91. அந்த ஜாயின்ட்டைக் கழற்றினேன். வாஷர் அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடந்தது, இன்சுலேஷன் ஸ்லீவ் ஓரம் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. முந்தின வருஷம் ஒருவர் அதையும் சேர்த்து முறுக்கியிருந்தார். புது போல்ட், புது வாஷர், டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் ஸ்பானர்), போல்ட் நகர்ந்தால் தெரிய மேலே சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு. இன்றுவரை கோடு நகரவில்லை.

இன்னொன்று. பளபளப்பான காப்பரை நேராகக் கேமராவில் பார்த்தால் சூடு குறைவாகவே காட்டும். முன்கூட்டியே ஷட்டவுனில் அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி வைத்து, லோடு வந்தபிறகு அந்த டேப்பின் மேல் பார்க்க வேண்டும். இது தெரியாமல் "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

ஃபோர்மேன்63: லோடில் பேனல் கதவைத் திறந்து 415 வோல்ட் முன்னால் யார் நிற்பது? ஒரு ஃப்ளாஷ் அடித்தால் முகம் போய்விடும். என் பையன்களை நான் நிறுத்த மாட்டேன்.

பேனல்காரன்: அதற்குத்தான் கதவில் ஐஆர் ஜன்னல் (கதவை மூடியபடியே கேமராவில் சூட்டைப் பார்க்க வைத்தது) இருக்கிறது. அது இல்லாத பேனலில் முழு பாதுகாப்பு உடை இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது. சரி, கேள்விக்கு வாருங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர்?

டிரைவ்_வைத்தியர்: பேனல்காரன் ரொம்பத்தான் பேசுகிறார். இரண்டு மாதம் முன்னால் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) திரியில், டிரைவோடு (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) சேர்த்தே மோட்டாரை மெகர் பண்ணலாம் என்று எழுதியவர் இவர்தானே?

பேனல்காரன்: பொய். டிரைவ் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு என்றுதான் எழுதினேன். கழற்றாமல் 500 வோல்ட் மெகரை வைத்தால் டிரைவுக்குள் இருக்கும் அவுட்புட் ஐஜிபிடி (பவர் ஸ்விட்ச்) போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் திரியில் நீங்கள் பாதி வரியை வெட்டி ஒட்டினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

டிரைவ்_வைத்தியர்: வெட்டவில்லை. பிறகு நீங்கள் திருத்தினீர்கள்.

ஷிப்ட்_இன்சார்ஜ்: போன வருஷம் எங்கள் பையன் சப்ளையை ஆஃப் செய்துவிட்டு பிஎல்சி (மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர்) பேட்டரியை மாற்றினான். பழைய மாடல், சப்ளை இல்லாதபோது பேட்டரிதான் மெமரியைக் காக்கும்; ப்ரோக்ராம் காலி. பேக்கப்பும் இல்லை. இரண்டு ஷிப்ட் போச்சு. போல்ட்டை விட்டுவிட்டு இதைப் பேசலாமே?

ஃபோர்மேன்63: பையனைத் தனியாக விட்டது யார்? என் காலத்தில் டிப்ளமோ முடித்து வந்தவனை ஆறு மாதம் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கத்தான் விடுவோம்.

ஷிப்ட்_இன்சார்ஜ்: நானும் டிப்ளமோதான் ஐயா. அதை இழுக்க வேண்டாம்.

பேனல்காரன்: பேட்டரிக்குத் தனித் திரி போடுங்கள், கட்டாயம் வருகிறேன். இங்கே பேச்சு போல்ட் பற்றி. 31 வருஷம் எரியவில்லை என்பது பதில் ஆகாது. உங்களுக்குப் பிறகு அந்த ஜாயின்ட்டை யார் மாற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? கையேட்டைத் திறந்து ஒரே ஒரு எண் சொல்லுங்கள்.

ஃபோர்மேன்63: அந்த பேனல் வந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய். கையேடு ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருக்கிறது. இந்த ஆயுத பூஜைக்கும் டைட் வைக்கத்தான் போகிறேன்.

பேனல்காரன்: வையுங்கள். டார்க் ரெஞ்ச்சில் வையுங்கள், பெயிண்ட் கோடு போடுங்கள், போட்டோ எடுத்து இங்கே ஏற்றுங்கள்.

டிரைவ்_வைத்தியர்: முதலில் மெகர் திரிக்குப் பதில் வரட்டும்.