வேலைய விட்டுட்டு தோட்டம் போடலாமா?

விடியல்: 11 வருஷம் ஆஃபீஸ்ல குப்பை கொட்டியாச்சு, இனி முடியல. 2 ஏக்கர் பாத்து வச்சிருக்கோம், வீட்டுக்காரரும் ஓகே சொல்லிட்டார், கொஞ்சம் காய்கறி கொஞ்சம் கோழினு ஆரம்பிக்கலாம்னு ஐடியா. மொதல்ல எதுல கை வைக்கணும்?

மண்புழு: தண்ணி. மத்ததெல்லாம் அப்புறம். கோடை உச்சத்துல போய் கிணத்த எட்டிப் பாருங்க, மழை முடிஞ்ச கையோட பாத்தா எல்லா நிலமும் அழகாத்தான் இருக்கும். ஒரு அடிக்கு குழி தோண்டி தண்ணி ரொப்பி விடுங்க, மறுநாளும் அப்படியே தேங்கி நின்னா வடிகால் சரியில்ல, வேர் அழுகிடும்.

கொக்கரக்கோ: கோழினு லேசா சொல்லிட்டீங்க சிஸ்டர் :) குஞ்சுல இருந்து வளத்தா முட்டைய பாக்கவே 5 மாசம் ஆகும், அதுவரைக்கும் தீனி செலவு மட்டும்தான். அப்புறம் கம்பி வலைய மண்ணுக்குள்ள ஒரு அடி புதைங்க, நான் புதைக்கல, ராத்திரி ஏதோ அடியில பள்ளம் பறிச்சு உள்ள பூந்து 9 கோழிய முடிச்சிருச்சு, காலைல றெக்கைதான் கெடந்துச்சு.

விடியல்: ஐயோ. அப்போ வேலைய விட வேண்டாமா?

மண்புழு: ஒருத்தர் மட்டும் விடுங்க, இன்னொருத்தர் சம்பளம் வந்துகிட்டு இருக்கட்டும். மொதல் வருஷம் கால் ஏக்கர் போதும், களை பறிக்கிறப்ப தெரியும் அது எவ்ளோ பெருசுனு.