வண்டியை எத்தனை வருடம் வைத்துக்கொள்ளலாம்? சென்னை கார்களின் மதிப்புக் கணக்கு

வேளச்சேரி வாசி

2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஃபர்ஸ்ட் ஓனர், 62,000 கி.மீ. இன்ஷூரன்ஸ் ஜனவரியில் முடிகிறது. நாலு டயரும் மாற்ற வேண்டும், கிளட்ச் கனமாகிவிட்டது. செலவு செய்து ஓட்டுவதா, இப்போதே கொடுத்துவிடுவதா? விஷயம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

பழைய கார் வியாபாரம், வடபழனி

சார், முதலில் புது வண்டியின் கணக்கைப் பாருங்கள். ஷோரூம் விலை 8.5 லட்சம் என்றால் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 1.1 லட்சம். 10 லட்சத்தைத் தாண்டினால் அதுவே 18 சதவீதம். இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன் ரோடு 10 லட்சம் ஆகிவிடும். வாங்க வருகிறவர் உங்கள் வரிக்கும் முதல் வருட பிரீமியத்துக்கும் தனியாகக் காசு தரமாட்டார். ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே ஒன்றரை லட்சம் போய்விடுகிறது.

நல்ல ஓட்டமுள்ள மாடல் என்றால் மூன்றாம் வருட முடிவில் 6.5, ஐந்தில் 5, எட்டில் 3.2, பத்தில் 2.2 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். மாடலுக்கு மாடல் மாறும், ஆனால் இறங்கும் விதம் இதுதான். முதல் மூன்று வருடத்தில் வருடத்துக்கு 1.17 லட்சம் கரைகிறது. ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் வருடத்துக்கு 60,000. எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் 50,000. மூன்று வருடத்துக்கு ஒரு வண்டி என்று மாற்றிக்கொண்டே போனால் 12 வருடத்தில் 14 லட்சம் கரைந்துவிடும். ஒரே வண்டியை 12 வருடம் வைத்திருந்து ஒன்றரை லட்சத்துக்கு விற்றால் 8.5 லட்சம். அதோடு பழசுக்கென்று வரும் கூடுதல் ரிப்பேர் இரண்டரை, மூன்று லட்சத்தைச் சேர்த்தாலும் 11.5 தான். மிச்சம் இருக்கிறது, ஆனால் பலர் நினைக்கிற அளவுக்கு இல்லை. அந்த மிச்சத்தைத் தின்பது எதிர்பாராத ஒரு பெரிய செலவு. அது எதில் வரும் என்பதை மெக்கானிக் அண்ணன் சொல்வார்.

கடனில் எடுத்தவர்களுக்கு இன்னொன்று. 9 லட்சம், 9.5 சதவீத வட்டி, 84 தவணை என்றால் மாதம் சுமார் 14,700. 36 தவணை கட்டி முடித்த பிறகும் பாக்கி 5.85 லட்சம் நிற்கும். வண்டி 6.5-க்குப் போனாலும் கைக்கு வருவது 65,000. மூன்றே வருடத்தில் மாற்றுகிற பழக்கம் உள்ளவர்கள் ஏழு வருடக் கடனை எடுக்கவே கூடாது.

விலை இறங்குவது வயதால் மட்டுமல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆனது. முன்பு செஸ்ஸோடு 29 இருந்த பெட்ரோல் காரில், 8.5 லட்சத்துக்குச் சுமார் 72,000 குறைந்தது. புதுசு குறைந்தால் பழசும் குறைந்தே தீரும். அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துப் பேரம் பேசினால் வண்டி மாதக்கணக்கில் வாசலிலேயே நிற்கும். 2017-ல் ஷெவர்லே விற்பனையை நிறுத்தியபோதும், 2021-ல் ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தபோதும் நல்ல நிலையில் இருந்த வண்டிகளுக்குக்கூட கேட்ட விலை கிடைக்கவில்லை.

எட்டாம் வருடத்தில் வாங்குகிறவர் கூட்டம் ஒரு படி குறையும். பெரும்பாலான வங்கிகள் கடன் முடியும்போது வண்டிக்குப் பத்து வயதைத் தாண்டக்கூடாது என்று பார்க்கும். அதனால் ஏழரை, எட்டு வயதுக்கு மேல் லோன் போட்டு வாங்குகிறவர்கள் விலகிவிடுவார்கள், ரொக்கம் வைத்திருப்பவர் மட்டும்தான் வருவார். பேரம் அவர் பக்கம் சாயும்.

மெக்கானிக், பாடி

கி.மீ. எவ்வளவு என்பதைவிட வண்டி எங்கே நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் திறந்த வெளியில் நிற்கும் வண்டியும், அண்ணா நகரில் கூரைக்கு அடியில் நிற்கும் வண்டியும் ஒரே வயதானாலும் ஒன்றல்ல. உப்புக்காற்று பெயின்ட் இல்லாத இடத்தைத் தேடிப் பிடிக்கும். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அதில் மண் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, கதவு உள்பக்கத்திலிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளம் போட்டுத் தெரியும்போது தகடு ஏற்கெனவே போயிருக்கும்.

பார்க்க வேண்டிய முறை இது. லிப்டில் ஏற்றி, ரன்னிங் போர்டுக்குக் கீழே ஜாக் வைக்கிற விளிம்பை ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் நல்லது. சத்தம் மொத்தையாக வந்தால் உள்ளே துருவும் அதை மூடிய பட்டிப் பூச்சும்தான். பிறகு சப்-ஃபிரேம், பின் ஆக்சில் பிராக்கெட், பிரேக் பைப், சைலன்சர் மூட்டு. மேலே செதில்போல் படிந்த துருவுக்குப் பயப்பட வேண்டாம், தேய்த்து ஆன்டி-ரஸ்ட் அடித்துக்கொள்ளலாம். சேஸிஸ் ரெயிலில் ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் அந்த வண்டிக்கு மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள்.

வெள்ளம் பட்டதா என்று பார்க்க, முன் சீட் பெல்ட்டை முழுசாக, சுருள் முடியும்வரை வெளியே இழுங்கள். கழுவிப் பாலிஷ் போட்டவர்கள் அந்தக் கடைசி ஓரடியைத் தொடுவதில்லை. அங்கே காவிக் கறை கோடு போட்டிருந்தால் தண்ணீர் அந்த உயரம்வரை நின்றிருக்கிறது. ஸ்டெப்னி குழி, கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு, ஃப்யூஸ் பாக்ஸின் உள்மூடி ஆகிய இடங்களில் வண்டல் தங்கும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் முழுகிய வண்டிகள் இப்போதும் சந்தையில் சுற்றுகின்றன. இன்ஜினைச் சரிசெய்துவிடலாம், வயரிங் கப்ளர்களில் பச்சை பூப்பதை நிறுத்த முடியாது. ஒரு மாதம் ஏ.பி.எஸ். லைட், அடுத்த மாதம் பவர் விண்டோ என்று வந்துகொண்டே இருக்கும்.

சாதாரணத் தேய்மானச் செலவு வேறு விஷயம், அதற்காக வண்டியை விற்க வேண்டாம். உங்கள் அளவு ஹேட்ச்பேக்கில் நாலு டயர் சுமார் 18,000, கிளட்ச் செட் கூலியோடு 14,000, லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் சேர்த்து 15,000, பேட்டரி 5,000, ஏ.சி. கூலிங் காயில் கேஸோடு 12,000. எல்லாம் ஒரே வருடத்தில் வந்தாலும் 64,000. இதில் டயரும் பேட்டரியும் எந்த வண்டிக்கும் வருவதுதான். நம்ம ஊர் வெயிலில் பேட்டரி மூன்று, நாலு வருடத்துக்கு மேல் நம்ப வேண்டாம். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) இருந்தாலும் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரை ஹைவேயில் ஓட்டாதீர்கள்.

கவனம் வைக்க வேண்டியவை மூன்று. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் மேனுவலில் போட்டிருக்கும் கி.மீ. அல்லது வருடம், எது முன்னே வருகிறதோ அப்போது மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து ஹெட் வேலை வரும். கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். சென்னை போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரை அடைத்து, கடைசியில் ஹெட் கேஸ்கெட்டில் கொண்டுபோய் விடும். 2020-க்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசலைத் தினமும் நாலு கி.மீ. சிக்னல் டிராஃபிக்கில் மட்டும் ஓட்டினால் டி.பி.எஃப்., அதாவது புகைக்கரி வடிகட்டி, அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பைபாஸில் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள்.

இன்ஷூரன்ஸ் சர்வே வேலை, எழும்பூர்

இன்ஷூரன்ஸின் தேய்மானம் சந்தைத் தேய்மானம் அல்ல. ஐ.டி.வி. என்பது வண்டி முழுசாகப் போனால் கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை; அது ஷோரூம் விலையில் ஆறு மாதம்வரை 5 சதவீதம், ஒரு வருடம்வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 கழித்த தொகை. ஐந்துக்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. பிரீமியம் ஆயிரம் ரூபாய் குறையும் என்று ஐ.டி.வி.யைத் தாழ்த்திப் போடுகிறார்கள். வேளச்சேரியில் அது ஆபத்து. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், ரிப்பேர் இல்லாமல் கணக்கை முடித்துவிடுவார்கள். ஐ.டி.வி. 3 லட்சம் என்றால் 2.25 லட்சத்தில் வண்டி கதை முடிந்தது. சீட் உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால் அந்த எஸ்டிமேட் எளிதாக வந்துவிடும்.

கிளெய்ம் கேட்கும்போது உதிரிபாக விலையில் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, டயருக்கு எந்த வயதிலும் 50 சதவீதம் வெட்டு, கண்ணாடிக்கு வெட்டு இல்லை. இரும்புக்கு ஐந்து முதல் பத்து வருடம்வரை 40, அதற்கு மேல் 50. ஏழு வருட வண்டியின் பம்பர் கிளெய்மில் பாதி உங்கள் கையிலிருந்துதான். இந்த வெட்டு இல்லாமல் தரும் ஜீரோ டெப் பாலிசி பெரும்பாலும் ஐந்து வருடத்தோடு நின்றுவிடும், சில கம்பெனிகள் ஏழு வரை தருகின்றன.

தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே ஏறிய நீரை பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். சாதாரண பாலிசியில் இதைப் பின்விளைவுச் சேதம் என்று தள்ளிவிடுவார்கள், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பைச் சேர்த்திருந்தால்தான் பணம் வரும். 2024 அக்டோபரில் மழை அறிவிப்பு வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டிகளை ஏற்றி நிறுத்தினார்களே, செய்தது சரியான காரியம்.

வேளச்சேரி வாசி

என் வண்டி பார்க்கிங் கொஞ்சம் மேடு, 2023-ல் டயர் பாதி மட்டும்தான் நனைந்தது. சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. பத்து, பதினைந்து வருடத்தில் வண்டியைத் தடை செய்வார்கள் என்கிறார்களே?

ஆர்.டி.ஓ. வேலை தெரிந்தவர், கே.கே. நகர்

டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்ற கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கு வந்தது சார், சென்னைக்கு இல்லை. உங்கள் ஆர்.சி. 2033 வரை செல்லும். அதன்பிறகு ஃபார்ம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம், பசுமை வரியும் கட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனது, அதற்குப் பிறகும் பழைய வண்டிகளுக்கு ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லோன் முடிந்தும் ஹைப்பாதிகேஷன், அதாவது ஆர்.சி.யில் உள்ள வங்கிக் கடன் பதிவை, நீக்காதவர்கள் ஏராளம். வங்கியின் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கொடுத்து அதை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாங்க வந்தவர் காத்திருக்கமாட்டார். கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போகாது. கம்பெனியிடம் கடிதம் வாங்கிவைத்தால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் புது வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம்வரை கழிவு கிடைக்கும்.

பழைய கார் வியாபாரம், வடபழனி

பெல்ட் சுத்தம் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது சார். அடிப்பக்கத்தையும் அண்ணன் சொன்னபடி தட்டிப் பார்த்துவிடுங்கள். உங்கள் வண்டி அடுத்த ஒரு வருடத்தில் இழக்கப்போவது சுமார் 50,000, டயர், கிளட்ச் செலவு 32,000. புதுசு எடுத்தால் முதல் வருட இறக்கமே இதைத் தாண்டிவிடும், வட்டி தனி. அடிப்பக்கம் உறுதியாக இருந்தால் செலவு செய்து குறைந்தது 2028 வரை ஓட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் விற்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் டயரில் கை வைக்காதீர்கள், 18,000 போட்டால் விலையில் ஆறாயிரம்கூட ஏறாது.