போசிக்ஸ்_ஸ்பானுக்கு மாறியும் அதே ஈநோமெம் பிழை, உதவுங்கள்

கயல்:
வணக்கம் நண்பர்களே. சி மொழியில் எழுதிய ஒரு சர்வரைப் பராமரிக்கிறேன். 64 ஜிபி மெஷினில் 40 ஜிபி டேட்டாவை மெமரியில் ஏற்றி வைத்திருக்கும். அவ்வப்போது படங்களைச் சுருக்க ஒரு சின்ன வெளி புரோகிராமை ஓட்ட வேண்டும். முதலில் ஃபோர்க் (ஓடும் ப்ராசஸை நகலெடுத்து சைல்ட் ஒன்றை உருவாக்குவது), அப்புறம் எக்ஸெக் (அந்த சைல்டில் புது புரோகிராமை ஏற்றுவது) என்றுதான் இருந்தது. டேட்டா கூடக் கூட ஃபோர்க் ஈநோமெம் (மெமரி போதவில்லை) என்று திரும்ப ஆரம்பித்தது. பார்த்தால் 20 ஜிபிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து, இரண்டையும் ஒரே அழைப்பில் செய்யும் போசிக்ஸ்_ஸ்பானுக்கு மாற்றினேன். அதே பிழை!

இன்னொன்று: இதைச் சுற்றி எழுதிய பழைய ராப்பர் ஃபங்ஷன் ஒரு கால்பேக் (நாம் கொடுக்கும் ஃபங்ஷன்) வாங்கும். சைல்டில், எக்ஸெக்குக்கு முன்னால் அது ஓடும். டைரக்டரி மாற்றும், லாக் (நடந்ததன் பதிவு) எழுதும். ஸ்பானில் அதற்கு இடமே இல்லை. என்ன செய்வது?

முத்து:
ஓவர்கமிட் (இருப்பதைவிட அதிக மெமரியைக் கர்னல் வாக்களிக்கலாமா என்ற அமைப்பு) எந்த மோடில் இருக்கிறது? ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) எந்தப் பதிப்பு? கர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸில் க்ளோன் (புது ப்ராசஸை உருவாக்கும் அழைப்பு) வரி வருகிறதா, அதில் எந்தெந்த ஃப்ளாக்?

கயல்:
ஓவர்கமிட் 2, ரேஷியோ 80, ஸ்வாப் கிடையாது. ஜிலிப்சி 2.17. க்ளோன் வரி வருகிறது அண்ணா. ஆனால் அதில் க்ளோன்_விஎம் (மெமரியைப் பகிரச் சொல்லும் ஃப்ளாக்) இல்லை.

முத்து:
அப்படியானால் விஷயம் பிடிபட்டது. உங்கள் போசிக்ஸ்_ஸ்பான் உள்ளே ஃபோர்க்கைத்தான் கூப்பிடுகிறது. பழைய ஜிலிப்சியில், சைல்டில் ஃபைல்களைத் திறக்க, மூட, மாற்றச் சொல்லும் ஃபைல் ஆக்‌ஷன் ஒன்று கொடுத்துவிட்டாலே அது ஃபோர்க் பக்கம் போய்விடும். நீங்கள் அவுட்புட்டைத் திருப்பிவிட ஆக்‌ஷன் கொடுத்திருப்பீர்கள்.

மோடு 2-ல் கர்னல் கணக்கில் கறார். எழுதும்போதுதான் பக்கம் (மெமரியின் சிறு துண்டு) நகலாகும் என்றாலும், சைல்ட் முழுவதையும் எழுதிவிடலாம் என்று வைத்து இன்னொரு 40 ஜிபியைக் கணக்கில் சேர்க்கும். ஆக 80. 64-ல் 80 சதவீதம் 51.2 ஜிபிதான், அதனால் மறுக்கிறது. கணக்கில் தளர்வான மோடு 0-வில் பெரும்பாலும் இது தெரியவே தெரியாது. ஆனால் அங்கேயும் பக்க அட்டவணையை (எந்தப் பக்கம் மெமரியில் எங்கே என்ற பட்டியல்) நகலெடுக்கும் செலவு போகாது: 4 கேபி பக்கம், பக்கத்துக்கு 8 பைட் என்றால், 40 ஜிபிக்கு சுமார் 80 எம்பி.

இப்போதைக்கு ஸ்பானுக்குக் கொடுக்கும் அட்ரிப்யூட்டில் யூஸ்வீஃபோர்க் ஃப்ளாக்கைப் போடுங்கள். அது தற்காலிகம்தான். வீஃபோர்க்கில் சைல்ட் உங்கள் மெமரியிலேயே ஓடும். அந்த நேரம் ஒரு சிக்னல் ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) ஓடினால் பேரண்டின், அதாவது உங்கள் சர்வரின், மாறிகளைத் தொட்டுவிடும். 2016-இல் வந்த ஜிலிப்சி 2.24-இல் இதைச் சரியாகத் திருப்பி எழுதினார்கள்: மெமரியைப் பகிரும் க்ளோன், சைல்டுக்குத் தனி ஸ்டாக், சிக்னல்கள் எல்லாம் பிளாக். அங்கே இந்த ஃப்ளாக்குக்கு வேலையே இல்லை.

தேவி:
கால்பேக்கை எடுத்துவிடுங்கள் கயல். அந்த லாக் எழுதுவதுதான் எனக்குப் பயம். பல த்ரெட் (இணையாக ஓடும் வேலை) உள்ள ப்ராசஸில், ஃபோர்க் நடக்கும் நொடியில் வேறு த்ரெட் மெமரி ஒதுக்கும் மாலாக்கின் பூட்டையோ லாக்கின் பூட்டையோ பிடித்திருக்கலாம். சைல்டில் அந்த த்ரெட் இருக்காது, பூட்டு மட்டும் பூட்டியபடி இருக்கும். சைல்ட் அங்கேயே நின்றுவிடும். ஜிலிப்சி மாலாக்கைப் பார்த்துக்கொண்டாலும் உங்கள் லாக் பூட்டை அதற்குத் தெரியாது.

போசிக்ஸ்_ஸ்பான் கால்பேக் கேட்காமல் செயல்களின் பட்டியல் கேட்பது இதனால்தான் பொருந்திவருகிறது. என்ன செய்யவேண்டும் என்று நாம் முன்கூட்டியே சொல்கிறோம், எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது என்பது லைப்ரரியின் பொறுப்பு. இதற்கு விலையும் உண்டு. பட்டியலில் இல்லாததைக் கேட்க வழியில்லை. டைரக்டரி மாற்றும் செயல் ஜிலிப்சிக்கு 2019-இல், 2.29-இல்தான் வந்தது, போசிக்ஸ் தரத்தில் 2024-இல்தான் சேர்ந்தது. இருந்தும் நான் பட்டியலின் பக்கம்தான்.

உங்கள் ராப்பரும் அதே மாதிரி பட்டியல் மட்டும் வாங்கட்டும்: புரோகிராம், ஆர்குமெண்டுகள், டைரக்டரி, மூன்று டிஸ்கிரிப்டர்கள் (இன்புட், அவுட்புட், எரர்). 2.17-இல் டைரக்டரிக்கு ஒரு குட்டி உதவி புரோகிராம் எழுதுங்கள், டைரக்டரி மாற்றிவிட்டு எக்ஸெக் செய்தால் போதும். பேரண்டில் மாற்றித் திரும்ப மாற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நடப்பு டைரக்டரி எல்லா த்ரெட்டுக்கும் பொது.

கயல்:
ஃப்ளாக் போட்டேன், எஸ்ட்ரேஸில் இப்போது வீஃபோர்க் என்றே வருகிறது, ஈநோமெம் போய்விட்டது! கால்பேக்கையும் எடுத்துவிட்டேன். ஆனால் உதவி புரோகிராமின் பாதையைத் தப்பாகக் கொடுத்துப் பார்த்தேன். ஸ்பான் 0 (வெற்றி) என்றுதான் திரும்புகிறது. பிழை எங்கே போகிறது?

முத்து:
சைல்ட் முடியும்வரை காத்திருக்கும் வெயிட்பிட்டில் பாருங்கள், 127 என்ற எக்ஸிட் கோடு இருக்கும். 2.24-இலிருந்து ஸ்பானே பிழை எண்ணைத் திருப்பித் தரும். அதுவரை ராப்பரில் 127-ஐ ‘தொடங்கவே இல்லை’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உதவி புரோகிராமில் டைரக்டரி கிடைக்காவிட்டால் 126 கொடுங்கள், இரண்டும் குழம்பாது.