சாட்ஸ்வொர்த் கோயில் வளாகத்தில் ஃபைபர்: ஸ்ப்ளைசிங் பண்ணணுமா, ஃபாஸ்ட் கனெக்டர் போதுமா?

வேல்_டர்பன்:
வணக்கம். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலில் ஆபீசுக்கும் பின்னால் இருக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஃபைபர் போடுகிறோம். தூரம் சுமார் 250 மீட்டர், 8 கோர் (உள்ளே 8 இழை) சிங்கிள் மோடு, மண்ணுக்கடியில் குழாய் வழியாகப் போகும், இரண்டு பக்கமும் 10 கிக் ஸ்விட்ச். முனையில் கையாலேயே மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் போதும், ஃபைபரை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினெல்லாம் தண்டச் செலவு என்கிறார் கேபிள் கடைக்காரர். ஸ்ப்ளைசர் வாங்கக் கோயிலில் காசு கிடையாது, ஆனால் தைப்பூசக் காவடி அன்றைக்கு நேரலை நடுவில் நின்றால் என்னைத்தான் பிடிப்பார்கள். என்ன செய்யலாம்?

ஜோபர்க்_பாண்டி:
கடைக்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. ஸ்விட்சில் செருகும் 10 கிக் எல்ஆர் மாட்யூல் (எஸ்எஃப்பி) 6 டெசிபல் ஒளி இழப்பு வரைக்கும் தாங்கும். 250 மீட்டர் ஃபைபரில் போவது 0.1 டெசிபல்தான். ஃபாஸ்ட் கனெக்டர் ஒன்றுக்கு மோசமாகவே 0.5 வைத்தாலும் கணக்கில் இடிக்காது. ஃபியூஷனில், அதாவது உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங்கில், ஒரு இணைப்புக்கு 0.05-க்குள் முடியும், பார்க்க அழகு, ஆனால் உங்களுக்கு அந்த வித்தியாசம் தேவையே இல்லை. ஜிபான் (வீட்டு ஃபைபர் இணைப்பு) மாதிரி, ஒரு ஃபைபரை 32 ஆகப் பிரிக்கும் 1:32 ஸ்ப்ளிட்டரே 17 டெசிபல் தின்கிற இடத்தில்தான் ஒவ்வொரு புள்ளியும் வலிக்கும்.

ஃபீனிக்ஸ்_தாசன்:
பாண்டி அண்ணா கணக்கு சரி, ஆனால் போட்ட அன்றைக்கு ஃபாஸ்ட் கனெக்டர் எல்லாமே நன்றாகத்தான் காட்டும். அதற்குள்ளே தொழிற்சாலையில் பாலிஷ் செய்த ஒரு சின்ன ஃபைபர் துண்டு இருக்கும், நீங்கள் வெட்டிய ஃபைபர் அதன் மேல் போய் முட்டி நிற்கும், நடுவில் இருக்கிற இடைவெளியை ஜெல் நிரப்பும், அவ்வளவுதான் பிடிப்பு. வெட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தாலோ, தூசி ஒட்டியிருந்தாலோ, பிறகு யாராவது கேபிளை இழுத்தாலோ, உள்ளே ஒரு மயிரிழை விலகும், அப்புறம் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும், அந்த மாதிரிப் பிரச்சினையைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய தலைவலி. ஃபியூஷனில் கண்ணாடியும் கண்ணாடியும் உருகி ஒட்டிவிடும், மேலே பாதுகாப்புக் குழாயை (ஸ்லீவ்) சூடாக்கிப் போட்டுவிட்டால் பேனலைத் திறக்காத வரை அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று, எஸ்எஃப்பி மாட்யூலுக்கு வேண்டியது எல்சி என்கிற சின்னக் கனெக்டர், அதுவும் முனை சாயாத நீல நிற யூபிசி வகை. வீட்டு இணைப்புக்கு விற்கிற பச்சை எஸ்சி ஏபிசி கனெக்டரைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். அதன் முனை 8 டிகிரி சாய்வு, நீலத்தோடு மாட்டினால் இரண்டும் ஒழுங்காக ஒட்டாது, இழப்பும் பிரதிபலிப்பும் ஏறும்.

வேல்_டர்பன்:
அப்போ மெஷின் வாடகைக்கு எடுத்து நானே செய்யட்டுமா?

ஃபீனிக்ஸ்_தாசன்:
வேண்டாம் தம்பி. மெஷினோடு ஆளையே கூப்பிடு, இங்கே பெரும்பாலும் கோருக்கு இவ்வளவு என்றுதான் கேட்பார்கள். இரண்டு பக்கமும் பேட்ச் பேனல் (ஃபைபர் முனைகளை வைக்கும் பெட்டி) வை, எல்சி பிக்டெயில் (ஒரு முனையில் கனெக்டர் போட்டே வரும் ஃபைபர் துண்டு) வாங்கிக் கொடு, மொத்தம் 16 ஸ்ப்ளைஸ், அரை நாள் வேலை. எட்டையும் இப்போதே முடித்து வை, பிறகு நான்கு கோருக்காக அவரை மறுபடியும் வரவழைத்தால் அதுதான் தண்டம். போகும்போது ஓடிடிஆர் (ஃபைபருக்குள் ஒளி அனுப்பி எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் கருவி) ரிப்போர்ட் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டு வாங்கு, ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் சில இணைப்பில் இழப்புக்குப் பதில் லாபம் காட்டும், அதைப் பார்த்து ஏமாறாதே.

ஜோபர்க்_பாண்டி:
சரி, இதற்கு நான் எதிர்க்கட்சி இல்லை. அவர் மெஷினை ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து கொண்டுவந்தால் மட்டும் முதலில் ஆர்க் கேலிபரேஷன் (ஃபைபரை உருக்கும் தீப்பொறியைச் சரிப்படுத்துவது) செய்யச் சொல்லுங்கள். இங்கே 1,700 மீட்டர் உயரம், அங்கே கடல்மட்டம், காற்றழுத்தம் மாறினால் தீப்பொறியின் சூடும் மாறும். புது மெஷின்கள் தானே சரிசெய்துகொள்ளும், பழையது செய்யாது.

பெட்டியில் இரண்டு ஃபாஸ்ட் கனெக்டர் கிடக்கட்டும், காவடி அன்றைக்கு எலி கடித்தால் அவசரத்துக்கு உதவும். ஆனால் கிளீவர் (ஃபைபரை நேராக வெட்டும் கருவி) மட்டும் நல்லதாக வாங்குங்கள், மலிவு கிளீவரில் எந்தக் கனெக்டரும் உருப்படாது. கேபிளில் இரும்புக் கவசம் இருந்தால் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் எர்த் பண்ண மறக்காதீர்கள், இடி மின்னல் காலத்தில் ஸ்விட்சைக் காப்பாற்றுவது அதுதான்.