பட்டன், பட்டன், பட்டன்

எனக்குப் பார்வை கிடையாது. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைப் படிக்கத் தொடங்கிய முதல் வாரம் முழுக்க இண்டென்டேஷன் எரர்தான், அதாவது வரியின் முன்னால் விடும் ஸ்பேஸில் பிழை. அறை நண்பன் எட்டிப் பார்த்து, "டேய், மூணாவது வரி ஒரு ஸ்பேஸ் உள்ளே தள்ளியிருக்குடா" என்று சொல்லிவிட்டுப் போவான். அதே வரியை நான் பதினைந்து தடவை கேட்டிருப்பேன். வரி வரியாகக் கேட்கும்போது முன்னால் இருக்கும் ஸ்பேஸை, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என் ஸ்கிரீன் ரீடரான என்.வி.டி.ஏ. தானாகச் சொல்லாது, நாம்தான் செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அப்புறம் சீனியர் அண்ணன் ஒருவர் போனில் சொன்னார்: "இன்சர்ட், கண்ட்ரோல், டி மூணையும் சேர்த்து அழுத்து, லைன் இண்டென்டேஷன்ல டோன் வை." அவ்வளவுதான். ஸ்பேஸ் கூடக் கூட ஒலி மேலே ஏறுகிறது. இஃப்புக்குள் நுழைந்தால் ஒரு பீப், அதற்குள் ஃபார் வந்தால் இன்னும் மேலே. இதில் வேடிக்கை, அந்த என்.வி.டி.ஏ.வே பெரும்பாலும் பைத்தானில் எழுதியதுதான். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, இன்றும் இலவசம்.

இப்போது வேலை பார்க்கும் இடத்தில் ஒரு ஏஐ டூல் கொடுத்தார்கள். கோட் நன்றாகத்தான் எழுதுகிறது. ஆனால் பதில் சொட்டுச் சொட்டாக வர, ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு சொட்டுக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பதிலுக்குக் கீழே போனால் "பட்டன், பட்டன், பட்டன்". எது காப்பி, எது டெலீட்? ஒருநாள் தவறானதை அழுத்தி அரைநாள் உரையாடல் போயிற்று. புகார் எழுதினேன். காப்பி பட்டனைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். எனக்கு!

— — —

தம்பி, படிக்கும்போது கூச்சமாக இருந்தது. எனக்குப் பார்வை உண்டு, அந்த மாதிரி வெறும் ஐகான் பட்டன்களை நானே நிறையப் போட்டிருக்கிறேன். டீமில் பார்வையற்ற ஒருவர் சேர்ந்தபிறகு, மானிட்டரை அணைத்துவிட்டு, டேப் கீயை மட்டும் வைத்து என் பக்கத்தை நானே ஓட்டிப் பார்த்தேன். லாகினைக்கூடத் தாண்ட முடியவில்லை. சரிசெய்ய வேண்டியது பட்டனுக்கு ஒரு ஏரியா லேபல் (aria-label), அதாவது ஸ்கிரீன் ரீடர் வாசிக்க ஒரு பெயர், ஒரே வரி. கோட் எழுதும் வி.எஸ். கோட் எடிட்டரில் ஏஐ பதிலை நிதானமாகக் கேட்க ஆல்ட், எஃப்2 அழுத்திப் பாருங்கள், வெறும் எழுத்தாகத் தனியே திறக்கும். அந்த ஸ்கிரீன்ஷாட்டை என்ன செய்தீர்கள்?

— — —

படத்தில் இருப்பதை விவரித்துச் சொல்லும் பி மை ஐஸ் செயலியில் போட்டேன் அக்கா. "இடமிருந்து மூன்றாவது ஐகானைச் சுற்றிச் சிவப்பு வட்டம்" என்றது. மறுவாரம் அப்டேட் வந்தது, இப்போது அது நான்காவது.