பல் நர்ஸ் ட்ரெய்னிங்: சார்ட்டிங், எக்ஸ்ரே எதுவும் மண்டைல ஏறல, நாளைக்கே கேப்பாங்க, ஹெல்ப் பண்ணுங்க

ராயபுரம்_பொண்ணு:
அக்கா அண்ணா எல்லாருக்கும் வணக்கம். வந்து மூணு மாசம் ஆவுது, ஒரு பல் கிளினிக்ல ட்ரெய்னி நர்ஸா சேந்து அஞ்சு வாரம். இன்னிக்கு டாக்டர் வாய்க்குள்ள பாத்துக்கினே கடகடன்னு சொல்லிக்கினு போறாரு, நான் அத கம்ப்யூட்டர்ல பல் படத்துல ஏத்தணும், அதான் சார்ட்டிங்காம். அப்பர் ரைட் சிக்ஸ்ல ஃபில்லிங்னாரு, நான் ஸ்கிரீன்ல வலது பக்கம் இருக்கற பல்லுல போட்டுட்டேன், பேஷண்ட் எதிர்லயே கத்திட்டாரு. அப்பால பிபிஈன்னு ஆறு நம்பர் சொன்னாரு, நடுவுல ஸ்டார்னாரு, எனுக்கு ஒண்ணும் புரியல. கடைசில ஆள் இல்லன்னு எக்ஸ்ரே பட்டனையும் என்னையே அமுக்க சொன்னாரு, அமுக்குனேன். நாளைக்கு பைட்விங், பெரியாப்பிக்கல், ஓபிஜி எதுக்கு எதுன்னு கேப்பாங்களாம். அழுகையா வருது, வேலைய உட்டுடலாமான்னு இருக்கு.

தண்டையார்பேட்டை_டு_டொராண்டோ:
எந்த நாடுன்னே சொல்லலியேமா. கனடாவா இருந்தா இதுக்கு பேரே டெண்டல் அசிஸ்டண்ட். சார்ட்டிங்குக்கு எஃப்டிஐன்னு ஒவ்வொரு பல்லுக்கும் ரெண்டு இலக்க நம்பர் போடற முறை இருக்கு, அத மட்டும் படி, மேல் வலது 11 லேந்து 18, மேல் இடது 21 லேந்து 28, கீழ் இடது 31 லேந்து 38, கீழ் வலது 41 லேந்து 48, அவ்ளோதான். நான் வந்த புதுசுல மைனஸ் 20ல பஸ்ஸுக்கு நின்னு காது வெடிச்சுது, கோடவுன்ல பொட்டி தூக்குனேன், நீ ஏசி ரூம்ல நின்னுகினு அழுவுற.

ராயபுரம்_பொண்ணு:
சாரி அண்ணா, யூகே. லெஸ்டர் பக்கம். டிபெண்டண்ட் விசா.

பழைய_வண்ணை:
சிஸ்டர், பிடிஎஸ் முடிச்சிட்டு எதுக்கு நர்ஸ் வேலைக்கு போறீங்க? வெளிநாட்டுல படிச்ச பல் டாக்டருங்களுக்கான ஓஆர்ஈ பரீட்சை எழுதுங்க. அதுவரைக்கும் பிடிஎஸ் சர்டிபிகேட்ட ஜிடிசில, அதான் இங்கத்த பல் கவுன்சில்ல குடுத்து நேரா டெண்டல் நர்ஸா ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம், என் கசின் அப்டிதான் பண்ணா.

பெரம்பூர்_அக்கா:
தம்பி, அந்த வழிய 2023 மார்ச்லயே மூடிட்டாங்க. பழைய கதைய சொல்லி புதுசா வர்றவங்கள கொழப்பாத. அந்த பொண்ணு பிடிஎஸ்னு எங்க சொல்லுச்சு?

ராயபுரம்_பொண்ணு:
நான் பி.காம் அக்கா.

பழைய_வண்ணை:
ஓ சரி சரி. அப்ப அக்கவுண்ட்ஸ் வேலை தேடலாமே?

காசிமேட்டு_கடலோடி:
எல்லாம் நேரம். இந்த ஊர்ல பல் வலின்னா அப்பாயிண்ட்மெண்ட் கெடைக்கறதுக்குள்ள பல்லே தானா விழுந்துடும். இங்கத்த கவர்மெண்ட் வைத்தியம் என்எச்எஸ்ல புது பேஷண்ட் எடுக்கலன்னு எட்டு எடத்துல சொல்ட்டாங்க. நம்ம ஊர்ல பிராட்வே பக்கம் கவர்மெண்ட் பல் ஆஸ்பத்திரில காலைல போய் சீட்டு போட்டா மதியம் பல்ல புடுங்கிகினு பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸ் அத்தோ துன்னுட்டு வந்துடலாம்.

தண்டையார்பேட்டை_டு_டொராண்டோ:
பல்ல புடுங்கிட்டு அத்தோவா, இன்னா வாய்டா உன்து.

காசிமேட்டு_கடலோடி:
அத்தோவ நெனைச்சாலே பேஜாரா இருக்கு. இங்க ஒருத்தன் நூடுல்ஸ்ல எலுமிச்சை புழிஞ்சுட்டு அத்தோன்னு 9 பவுண்டு வாங்குறான்.

லண்டன்_வியாசர்பாடி:
அந்த கட எங்க ப்ரோ? அப்றம் சிஸ்டர், யூகேல எஃப்டிஐ எல்லாம் யாரும் யூஸ் பண்றதில்ல, வாய நாலு பக்கமா பிரிச்சு நம்பர் போடற பால்மர் முறைதான். அத மட்டும் படிங்க.

பெரம்பூர்_அக்கா:
ரெண்டும் படிக்கணும், எக்ஸாம்ல ரெண்டும் வரும். கொஞ்சம் எல்லாரும் அத்தோவ மூடி வெய்ங்க. நான் பத்து வருஷமா இந்த வேலைல இருக்கேன், பொறுமையா படிம்மா.

மொதல்ல வலது இடது. உங்க வீட்டு திண்ணைல கேரம் ஆடிருப்பல்ல? எதிர்ல ஒக்காந்து இருக்கறவனோட வலது கை உனுக்கு இடது பக்கம்தான வரும். சார்ட்டும் அதேதான், பேஷண்ட் உன்ன பாத்து ஒக்காந்து இருக்காருன்னு நெனச்சுக்கோ. டாக்டர் ரைட்னா ஸ்கிரீன்ல இடது பக்கம். எக்ஸ்ரே படம் பாக்கறதும் அப்டிதான், பழைய ஃபிலிம்ல ஒரு சின்ன மேடு மாதிரி புள்ளி இருக்கும், அது உன் பக்கம் துருத்திகினு இருக்கணும். பால்மர்ல நடுவுலேந்து 1, கடைசி கடவாய் 8, பால் பல்லுக்கு நம்பர் இல்ல, ஏ பி சி டி ஈ. அவர் சொன்ன அப்பர் ரைட் சிக்ஸ், எஃப்டிஐல 16. பால் பல்லு அதுல 51ல ஆரம்பிக்கும்.

பிபிஈன்னா ஈறு எப்டி இருக்குன்னு பாக்கற டெஸ்ட். வாய ஆறு துண்டா பிரிப்பாங்க, மேல 17-14, 13-23, 24-27, கீழயும் அதே மாதிரி. எட்டாம் பல்ல பொதுவா கணக்குல எடுக்கறதில்ல. ஈறுக்குள்ள உட்டு ஆழம் பாக்கற ப்ரோப் குச்சி நுனில குண்டூசி தல மாதிரி 0.5 மில்லிமீட்டர்ல ஒரு உருண்ட, அதுக்கு மேல 3.5 லேந்து 5.5 வரைக்கும் ஒரு கருப்பு பட்ட. பட்ட முழுசா தெரிஞ்சு ரத்தமும் வரல, காரையும் இல்லன்னா 0. ரத்தம் வந்தா 1, காரை இருந்தா இல்ல ஃபில்லிங் வெளிய நீட்டிகினு இருந்தா 2. பட்ட பாதி ஈறுக்குள்ள போச்சுன்னா 3, முழுசா மறைஞ்சா 4. ஸ்டார்னா வேர் பிரியற எடம் வரைக்கும் எலும்பு கொறைஞ்சுடுச்சுன்னு, நம்பரோட சேத்து போடு. ஒரு துண்டுல எது அதிகமோ அதான் ஸ்கோர்.

பைட்விங் ரெண்டு பல்லுக்கு நடுவுல கண்ணுக்கு தெரியாத சொத்தைக்கும் எலும்பு மட்டம் பாக்கறதுக்கும், மேலயும் கீழயும் கடவாய்ப்பல் தலைங்க ஒரே படத்துல வரும். பெரியாப்பிக்கல்னா ஒரு பல்லு வேர் நுனி தாண்டி கொஞ்சம் எலும்போட முழுசா தெரியணும், சீழ் கட்டி, ரூட் கேனால் மாதிரி விஷயத்துக்கு. ஓபிஜி தாடை மொத்தமும், அறிவு பல்லுக்கு அதான். ஓபிஜிக்கு முன்னாடி கம்மல், மூக்குத்தி, கண்ணாடி, கழட்டற பல்செட் எல்லாம் எடுக்க சொல்லணும், நீ ஒரு தடவ மறந்தின்னா கம்மலோட நிழல் எதிர் பக்கம் போய் விழுந்து படமே நாஸ்தி.

இப்ப முக்கியமானது, நடுவுல ஒரு வரில சொல்லிட்டு போய்ட்ட, இத்தினி பேரும் கவனிக்கல. பட்டன நீ அமுக்க கூடாது. இங்க எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சுலேந்து பேஷண்ட்ட பாதுகாக்கற 2017 ஐஆர்எம்இஆர் சட்டப்படி பட்டன் அமுக்கறவங்க ஆபரேட்டர், அதுக்கு ட்ரெய்னிங் எடுத்த ரெக்கார்ட் வேணும். நான் ஜிடிசில ரெஜிஸ்டர் ஆன பெறகும் தனியா ரேடியோகிராபி சர்டிபிகேட் படிச்சுட்டுதான் எடுக்கறேன். நீ செய்யலாம்னா: எக்ஸ்ரே பிளேட்ட வாய்க்குள்ள புடிச்சு வெக்கற ஹோல்டர் பொருத்தறது, பிளேட்டுக்கு உறை போடறது, அப்பால 1.5 மீட்டர் தள்ளி, பீம் வர்ற திசைல இல்லாம நிக்கறது. நம்ம ஊர்ல அதட்டி சொன்னா செஞ்சுடறோம்ல, இங்க "எனக்கு ட்ரெய்னிங் இல்ல டாக்டர்"னு சொன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. இன்னிக்கு நடந்தத தேதி நேரத்தோட எழுதி வெய். மெஷின் பக்கத்துல லோக்கல் ரூல்ஸ் ஒட்டிருப்பாங்க, அதுல ரேடியேஷன் ப்ரொடெக்‌ஷன் சூப்பர்வைசர் பேரு இருக்கும், அந்த ஆள் கிட்ட சொல்லு. சூப்பர்வைசரே அந்த டாக்டர்தான்னா மேனேஜர் கிட்ட போ. ஆமா, கோர்ஸ்ல பேரு குடுத்துட்டியா இல்லையா?

ராயபுரம்_பொண்ணு:
குடுக்கலக்கா, ஆறு மாசம் போவட்டும்னு மேனேஜர் சொன்னாங்க.

பெரம்பூர்_அக்கா:
அது அவங்க சவுகரியத்துக்கு. ட்ரெய்னின்னா ஜிடிசி ஒத்துக்கற கோர்ஸ்ல சேந்திருக்கணும், இல்ல சேர பதிஞ்சு காத்திருக்கணும். நாளைக்கு எந்த கோர்ஸ், என்னிக்கு தொடங்குதுன்னு மெயில்ல கேளு. வாயால கேக்காத, மெயில்ல.

பழைய_வண்ணை:
அக்கா நான் சும்மா ஒரு ஐடியாதான் குடுத்தேன், கோச்சுக்காதீங்க.

ராயபுரம்_பொண்ணு:
மெயில் போட்டுட்டேன் அக்கா. வீட்டுக்காரர உக்கார வெச்சு வாய தொறக்க சொல்லி 17 லேந்து எண்ணிகினு இருந்தேன், 24க்கு வர்றதுக்குள்ள அப்டியே தூங்கிட்டாரு. இடது கடவாய்ல ஒரு ஓட்ட தெரியுது, எனுக்கு வலது பக்கம் இருந்துச்சு, அப்ப அது அவரோட லெஃப்ட்தான அக்கா?

பெரம்பூர்_அக்கா:
லெஃப்ட்தான். மேலயா கீழயா?

ராயபுரம்_பொண்ணு:
கீழ. 36.