புதுப்பிப்பு: ஆர்கேட் பெட்டிக்கு மானிட்டர் மாட்டியாச்சு

வீட்டில் செய்யும் ஆர்கேட் பெட்டிக்கு (வீடியோ கேம் கடைகளில் நின்று ஆடுவோமே, அந்த மாதிரிப் பெட்டி) அகலத்திரை மானிட்டரா, பழைய 4:3 (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) எல்சிடியா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, 4:3 தான் எடுத்தேன். வண்ணார்பேட்டையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில் 20 அங்குலம், 1600×1200 புள்ளிகள், ஐபிஎஸ் பேனல் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத திரை வகை) கிடைத்தது. பேக்-மேன் என்ற பழைய ஆர்கேட் ஆட்டம் நிமிர்ந்த திரைக்கானது, 224×288 புள்ளிகள். மானிட்டரைத் திருப்பி நிறுத்தினால் சரியாக 5 மடங்கு பெரிதாக்கலாம், புள்ளிகள் அப்படியே கூர்மையாக நிற்கின்றன. டிஎன் என்ற இன்னொரு வகைப் பேனலைத் திருப்பினால் பக்கத்தில் நிற்பவருக்கு நிறம் மாறித் தெரியும், அதை மட்டும் வாங்காதீர்கள்.

மாட்டியதுதான் பெரும்பாடு. மானிட்டரின் பின்னால் 100 மி.மீ. இடைவெளியில் நாலு துளை, எம்4 (4 மி.மீ. தடிமன்) திருகு. ஆசாரி 12 மி.மீ. பிளைவுட்டில் துளை போட்டுத் தந்தார், ஆனால் கையிலிருந்த 10 மி.மீ. நீளத் திருகு பலகையையே தாண்டவில்லை! அப்புறம் 20 மி.மீ. வாங்கி வாஷர் போட்டு இறுக்கினோம். நம்ம ஊர் வெயிலுக்குப் பின்பக்கம் காற்றுத் துளையும் விட்டிருக்கிறேன்.